குவீன் ஸ்திரீட்டில் கொதித்த மோட்டார்

எனக்கு வயது அறுபத்தெட்டு. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன்; ஒருவரையும் அடுத்தவர் வாசலில் போய் நிற்க விட்டதில்லை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். கூலிமிலிருந்து பினாங்குக்கு மோட்டார் சைக்கிள் வாங்கப் போய் வந்த இந்தக் கதையை எழுத நான்கு நாள் பிடித்தது.

1996ஆம் ஆண்டு. என் கடைசிப் பெண் வசந்தாவுக்குத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து பதினான்கு மைல். கடைசி மூன்று மைல் செம்மண் பாதை, பஸ் கிடையாது. திங்கட்கிழமை காலை ஏழரைக்குள் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். எங்கள் கையில் இருந்தது ஒரு சனிக்கிழமை.

காலை 6.40. கூலிமில் பஸ் ஏறினோம். பட்டர்வொர்த்துக்கு ஆளுக்கு ஒரு வெள்ளி ஐம்பது காசு. அங்கே கடலைத் தாண்டும் பெரிக்கு, அந்தப் பெரிய படகுக்கு, நாற்பது காசு. பினாங்குக்குப் போகும்போதுதான் காசு, திரும்பும்போது கிடையாது. வந்தவர்கள் கிளம்பினால் போதும் என்று நினைக்கிறார்களோ என்னவோ. கடல் சாம்பல் நிறமாகக் கிடந்தது. வசந்தா கைப்பையிலிருந்து ஒரு மோட்டார் படத்தை எடுத்துக் காட்டினாள். வட்ட விளக்கு, உருண்டை டேங்கு, அந்தக் காலத்து அமைப்பு.

"எதுக்குடி பழசு மாதிரி?"

"பழசு மாதிரிதாம்மா, பழசு இல்ல."

காலை 9.30. ஜெலுத்தோங். படகுத்துறையிலிருந்து வேறு பஸ். காதர் பாய் என்பவர் அங்கே மோட்டார் வாங்கி விற்கிறார், பட்டறையும் அவரே. வசந்தாவுக்குப் பிடித்த அமைப்பில் இரண்டு நின்றன. ஒன்று 5,200 வெள்ளி, மற்றது 5,800.

"பாய், ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?"

"மூஞ்சி ஒண்ணுதாம்மா, வயிறு வேற" என்றார். "இது காத்துல ஆறுற இஞ்சின். சுத்தி மடிப்பு மடிப்பா இருக்கு பாருங்க, ஓடுறப்ப காத்துப் பட்டு ஆறிக்கும். அது தண்ணியில ஆறுறது. முன்னால ரேடியேட்டர், அதுக்குப் பின்னால காத்தாடி. ரோடு ஜேம்ல நின்னாலும் சூடு ஏறாது லா."

எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது. ஐந்து பிள்ளைகளுக்குக் காலையில் பால் ஆற்றியவள் நான். தம்ளரைத் தண்ணீர்ச் சட்டியில் வைத்தால் நொடியில் ஆறும். காற்றை நம்பி உட்கார்ந்தால் பள்ளி மணி அடித்துவிடும்.

"தண்ணி மோட்டாரே எடு" என்றேன்.

"வேணாம்மா. அதுல ஓஸ் இருக்கு, பம்பு இருக்கு. தோட்டத்துக்குள்ள எது புட்டுக்கிட்டாலும் யாரு பாப்பாங்க?"

"பால் ஆத்தி வளர்த்தவ நான். எனக்குத் தெரியாதா?"

"மோட்டார் பால் குடிக்காதும்மா."

காதர் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். பணம் என்னுடையது என்பதால் வசந்தா விட்டுக்கொடுத்தாள். சக்கரம் உள்ள எதையும், சைக்கிளாக இருந்தாலும், அம்மனுக்குக் காட்டாமல் முழுப்பணம் கொடுக்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அதைச் சொன்னேன். என் அடையாளக் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு, "போயிட்டு வாங்க. வந்துடணும்" என்று சாவியைக் கொடுத்தார்.

காலை 10.45. குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில். ஜெலுத்தோங்கிலிருந்து இரண்டு மைலுக்குச் சற்று மேல். ஐயர் கற்பூரம் காட்டினார், எலுமிச்சையை நசுக்கினோம். மாலை நான்கு வெள்ளி. விளக்கில் போட்டால் வெளிச்சத்தை மறைக்கும் என்று, அதற்குக் கீழே தெரிந்த கம்பிவலையில் நானே கட்டினேன். நழுவாமலிருக்க நாரைப் பின்பக்கமாக விட்டு முடிச்சும் போட்டேன். மிச்சச் சந்தனத்தை வலை முழுக்க அப்பினேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

11.20. அடுத்த சந்தில் ஒரு லாரி வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. முன்னால் ஆள் மிதிக்கிற டிரைஷா, பின்னால் கார். நடக்கிற வேகத்தில்கூட நகர முடியவில்லை. சூடு காட்டுகிற முள் சிவப்புக்குப் போயிற்று. முன்பக்கம் புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. வசந்தாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நான் சேலையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன்.

லாரிக்காரர் மூட்டைமேல் நின்று கத்தினார்: "அம்மா! நடுரோட்டுல பொங்கல் வச்சிட்டீங்களா?"

தெருவே சிரித்தது. என் வாழ்நாளில் அதுவரை தெரு என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.

ஒரு கடையிலிருந்து போன் போட்டோம், காதர் பாய் வந்து சேர அரைமணி ஆயிற்று. குனிந்து பார்த்தார். நார் காத்தாடியில் சுற்றி அதை நிறுத்தியிருந்தது. வலைக்கண்களில் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது.

"பூ யாரு கட்டினது?"

"நான்தான் பாய்" என்றாள் வசந்தா, சட்டென்று.

பொய் சொன்னதற்காக அவளைச் சின்ன வயதில் அடித்திருக்கிறேன். "இல்ல. கட்டினது நான்" என்றேன்.

"மோட்டார் மேல குத்தமில்லம்மா. கழுவிட்டா நல்லா ஓடும். தைரியமா எடுங்க" என்றபடி அவர் நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினார். அது சுலபமாக வரவில்லை. எனக்கு அந்த மூன்று மைல் செம்மண் ஞாபகம் வந்தது. மழைநாளில் அந்த மண் சந்தனத்தைவிடக் கெட்டியாக ஒட்டும்.

"பாய், செம்மண் அடிச்சாலும் இப்படித்தான் அடைக்குமா?"

"அடைக்கும். அடிக்கடி கழுவணும்."

"காத்து மோட்டார்ல?"

"அதுலயும் ஒட்டும். ஆனா மடிப்பு பெருசு, ஒரு குச்சி போதும்." சற்று யோசித்துச் சொன்னார்: "ஊருக்குள்ள ஊர்ந்து போறவங்களுக்கு நான் தண்ணிதான் சொல்வேன். உங்க பொண்ணு போற வழியில ஜேம் ஏதும்மா?"

பால் ஆற்றுகிற கணக்கு என் அடுப்படிக்குச் சரி. போகப் போவது அவள், அவளுடைய பாதையில். அதை என் பெண் சொன்னபோது கேட்காமல், நார் சிக்கிய பிறகு கேட்டேன்.

"காத்துல ஆறுறதையே கொடுங்க" என்றேன்.

"நெஜமாவாம்மா?" என்றாள் வசந்தா.

"ரெண்டாந்தரம் கேக்காத. மாத்திடுவேன்."

ஜெலுத்தோங்குக்குத் திரும்பிப் பணத்தைக் கட்டி, என் அடையாளக் கார்டையும் காற்று மோட்டாரையும் வாங்கிக்கொண்டோம். பிற்பகல் 2.30. திரும்பும் பெரி. அம்மன் பார்த்தது ஒரு மோட்டார், எங்களோடு வருவது வேறு. டேங்கில் ஒரு துளி திருநீறு வைத்ததோடு விட்டேன். பூமாலை கட்டுகிற பேச்சையே எடுக்கவில்லை. பினாங்கு பின்னால் நகர்ந்தது. அந்த ஊரில் லாரி, டிரைஷா, ஆள் எல்லாம் ஒன்றுக்காக ஒன்று நின்று நின்றுதான் போகின்றன. அங்கே இருக்கிறவர்களுக்குத் தண்ணீர் மோட்டார்தான் நல்லது, இதை இப்போதும் சொல்வேன். பட்டர்வொர்த்தில் இறங்கிக் கூலிம் சாலையைப் பிடித்ததும் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், நடுவில் காலிப் பாதை. காற்று என் ஹெல்மெட்டைப் பின்னுக்குத் தள்ளியது. வசந்தாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். நடக்கப் பழகின நாளில் அவள்தான் என்னைப் பிடித்திருந்தாள்.

திங்கட்கிழமை நல்ல மழை. ஏழு பத்துக்கே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். மதியம் முழங்கால்வரை சேறோடு வந்து, ஈர்க்குச்சியால் மடிப்புகளைச் சுரண்டிக்கொண்டே முதல்நாள் கதையெல்லாம் சொன்னாள். தன் பேச்சுதான் சரியாயிற்று என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதனால் நான் எழுதி வைக்கிறேன். கவிதா, பெரியவன் மகளே, இங்கே வா. இதை உரக்க வாசி, உன் அத்தை வசந்தாவுக்கும் கேட்கட்டும். பாட்டி தோற்ற இடம் வந்தால் குரலை இறக்காதே.