ஜீரோ அக்காவின் விசாரணை

ஆஸ்பத்திரியில் என் அக்காவை ஜீரோ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வார்டிலிருந்து ஜீரோவை அழுத்தினாலும் எடுப்பது அவள்தான். இருபத்திரண்டு வருஷமாக டெலிபோன் ஆபரேட்டர். மாடிப்படிக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, விளக்குகள் மின்னும் பழைய போர்டு, காதில் ஹெட்செட். அவள் முகத்தையே பார்த்திராத டாக்டர்கள்கூடக் குரலைக் கேட்டால் மரியாதையாகப் பேசுவார்கள். வீட்டில்தான் அவளுக்கு அது கிடைக்காது. நான் அவளோடு சண்டை போடாத நாள் குறைவு.

அந்த வேலைக்கு ஒரு போன் வேட்டு வைத்தது. ஒரு மத்தியானம் ஒரு பெண் அழைத்தாள். அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஆம்புலன்ஸ் வேண்டும் என்றாள். அக்கா ஆம்புலன்ஸ் அறைக்கு மூன்று முறை மணி அடித்தாள். ஒருத்தனும் எடுக்கவில்லை. அந்தப் பெண்ணின் அப்பா இறந்துவிட்டார். எங்களுக்கு மணியே வரவில்லை என்று அந்த அறைக்காரர்கள் கையை விரித்தார்கள். பழைய போர்டில் பதிவு எதுவும் கிடையாது. பழி அக்கா தலையில் விழுந்தது. சஸ்பெண்ட் செய்தார்கள்.

விசாரணை ஆன்லைனில். இரண்டு முறை தள்ளிப்போய், இதுதான் கடைசித் தேதி. இறந்தவரின் மகளும் வருவாள் என்று தெரிந்தது.

"அந்தப் பொண்ணுகிட்ட நான் மணி அடிச்சேன்னு சொல்லணும்டா. என்னை எவ்வளவு வேணா திட்டட்டும். ஆனா அடிக்கவே இல்லைன்னு நினைக்கக் கூடாது" என்றாள் அக்கா.

நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். "நான் இருக்கேன்ல, நீ ஏன் பயப்படுற?" என்று மார்தட்டினேன். கடையிலிருந்து ஒரு கம்ப்யூட்டரும் ஹெட்செட்டும் கொண்டுவந்து மாட்டினேன். கேமரா இல்லை; குரல் போதும் என்று விட்டுவிட்டேன். காலையில் நாலு தடவை சோதித்தேன். கணீரென்று கேட்டது.

விசாரணையில் முதலில் அதிகாரியும் ஆம்புலன்ஸ் மேற்பார்வையாளரும் மாறி மாறிப் பேசிக்கொண்டே போனார்கள். பிறகு அந்தப் பெண் கேட்டாள்: "நீங்க மணி அடிச்சீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

அக்கா சொன்னாள். நிறுத்தி, தெளிவாக, ஒவ்வொரு தடவையாகச் சொன்னாள். பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்டது. அங்கே கேட்கவில்லை.

"ஏம்மா, பதில் சொல்லுங்க" என்றார் அதிகாரி.

நான் பாய்ந்தேன். திரையில் மைக் திறந்துதான் இருந்தது. செட்டிங்ஸில் எல்லாம் சரி. ஒலியை ஏற்றினேன். ஹெட்செட் பின்னைப் பிடுங்கி வேறு துளையில் செருகினேன். மைக் வேலை செய்யவில்லை, பத்து நிமிஷம் கொடுங்கள் என்று டைப் அடித்தேன். "எல்லாரும் சொல்ற சாக்குதான் இது" என்று அதிகாரி சலித்துக்கொண்டார். பதற்றத்தில் கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டேன். அந்தச் சனியன் ஆற அமர எழுந்தது. மறுபடி உள்ளே போயும் குரல் போகவில்லை. போனில் பேசட்டுமா என்று டைப் அடித்து முடிப்பதற்குள் கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

"மைக்கைக் கிட்ட வச்சுப் பேசுன்னா பேசுறியா! எல்லாம் உன்னாலதான்!" என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவள் ஹெட்செட்டைக் கழற்றினாள். அப்போதுதான் பார்த்தேன். வயரின் நடுவே, மைக்கை மூடித் திறக்க நகத்தளவு ஒரு சுவிட்ச். அது மூடியிருந்தது.

"இதை யாரு மூடினது?"

அக்கா குனிந்து பார்த்தாள்.

"நானாத்தான் இருக்கும். அவங்க ரெண்டு பேரும் பேசிட்டு இருந்தாங்கல்ல... நடுவுல என் மூச்சு கேட்கக் கூடாதுன்னு மூடிடுவேன். கை தானா போயிருக்கு."

ஆஸ்பத்திரி ஹெட்செட்டிலும் அப்படியொரு சுவிட்ச் உண்டாம். இருவரை இணைத்ததும் மூடுவாள். போர்டில் விளக்கு எரிந்தால் திறப்பாள். இங்கே எந்த விளக்கு எரிந்தது, அவள் கை திறப்பதற்கு? ஊரார் மைக்கையெல்லாம் சரிபார்க்கிற நான், அந்த வயரை ஒரு தடவை தொட்டுப் பார்க்கவில்லையே, பாவி.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. விளக்கம் சொல்ல வாய்ப்பளித்தும் பதில் சொல்லாததால், குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கருதி வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். வக்கீல், மேல்முறையீடு என்று நான் பொரிந்து தள்ளினேன்.

"அதெல்லாம் அப்புறம். அந்தப் பொண்ணோட நம்பர் கிடைக்குமா?" என்றாள் அக்கா.

அலைந்து விசாரித்து வாங்கிக் கொடுத்தேன். என் எதிரிலேயே போன் செய்தாள். தான் யாரென்று சொன்னாள்; அதற்குமேல் அந்தப் பெண் விடவில்லை.

"அன்னைக்கு அத்தனை பேர் முன்னால கேட்டேன், வாயே திறக்கலை. இப்போ வேலை போனதும் பேச வருதா?"

வைத்துவிட்டாள். அக்கா என் முன்னால் அழுதது அன்றைக்குத்தான்.