வீமன் வளர்ந்த கதை

சென்ற கிழமை கிளிநொச்சிச் சந்தையடியில் அவித்த கச்சான் கடலை வாங்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஓர் ஓட்டோ வந்து நின்றது. முதலில் ஒரு பெண்மணி இறங்கினார், பிறகு அவருடைய குடை இறங்கியது, கடைசியில் ஒரு நாய் இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. தவிட்டு நிறம், தொங்கிய காது, வாழைத்தண்டு போல நீண்ட உடம்பு. கால்களை மட்டும் யாரோ கடைசி நேரத்தில் நினைவு வந்து ஒட்டிவிட்டதுபோல் இருந்தது. "டாஷ்ஹவுண்ட் சேர். இப்ப கன வீட்டில இதுதான்" என்றார் கச்சான்காரர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவித்த கச்சான் மணமும் அந்த நாயும் ஒன்றாகச் சேர்ந்தால் நான் கிளிநொச்சியில் நிற்பதில்லை, வட்டக்கச்சிக்குப் போய்விடுவேன். நீங்களும் வாருங்கள், தூரமில்லை.

போர் முடிந்து மீள்குடியேறிய கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை வட்டக்கச்சியில் பால் சேகரிக்கும் நிலையத்தில். விடியப்புறத்தில் பால் வந்துவிடும் என்பதால் கண்டாவளையில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து போய்வர முடியாது. பேச்சியம்மா என்பவரின் தகரக் கொட்டிலில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் என் உடம்பில் புளித்த பால் மணம் போகாது. கலியாண வயதில் இருந்தேன். ஆனால் என்னைத் திரும்பிப் பார்த்தவை ஊரில் உள்ள பூனைகளும் நாய்களும்தான். சரி, அதை விடுங்கள்.

பேச்சியம்மா மலைநாட்டில் பிறந்தவர். குமராக இருந்தபோது கலவரத்துக்குப் பயந்து தாய் தகப்பனோடு தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர். இங்கே காடு வெட்டி, கலியாணம் முடித்து, கணவனைப் பறிகொடுத்து, போரில் ஊர் ஊராக ஓடி, எல்லாம் முடிந்து மறுபடி அதே காணிக்கு வந்து கச்சான் போட்டிருந்தார். ஒரே மகன் கணேசன் அண்ணன், வவுனியாவில் ஓர் இரும்புக் கடையில் வேலை. காணிக்குப் பின்னால் காடு. பன்றி வரும், குரங்கு வரும், வேறு என்னென்னவோ வரலாம் என்ற பயம் மகனுக்கு. அம்மா வவுனியாவுக்கு வந்து தன்னோடு இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பேச்சியம்மா மாட்டேன் என்றார். கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. நல்ல காவல் நாய் ஒன்று இருந்தால் அம்மா காணியில் இருக்கலாம். இல்லாவிட்டால் கச்சான் பிடுங்கியதும் சாமான்களைக் கட்ட வேண்டியதுதான்.

நாயையும் மகனே அனுப்பினார். வவுனியாவில் யாரோ வெளிநாடு போகிறவர்கள் "நல்ல சாதி நாய்" என்று சொல்லிக் கொடுத்த குட்டி. பிஸ்கட் பெட்டியில் வைத்து பஸ்ஸில் வந்தது. பெயரையும் அவரே சொல்லியனுப்பியிருந்தார்: வீமன். எங்கள் பக்கத்தில் நாய் என்பது ஓர் உத்தியோகம், பெயரும் அதற்குத் தக்கதாக இருக்கவேண்டும். பெட்டியைத் திறந்து பார்த்தபோது ஒரு கத்தரிக்காய் அளவில் வீமன் படுத்திருந்தான். பேச்சியம்மா அவனைத் தூக்கி, காலைத் தடவி, காதைத் தூக்கிப் பார்த்து, மறுபடி காலைத் தடவினார். பிறகு "சின்னப் புள்ளதானே தம்பி, வளந்துரும்" என்று சொல்லி மடியில் போட்டுக்கொண்டார்.

நாங்கள் வீமன் வளர்வதற்காகக் காத்திருந்தோம்.

நான் சும்மா காத்திருக்கவில்லை. நாள்தோறும் பால் கொண்டுவந்தேன். கருவாட்டுத் தலை, ஆட்டெலும்பு, முட்டை, புழுக்குளிசை என்று யார் எதைச் சொன்னாலும் கொடுத்தோம். கிழமைக்கு ஒருமுறை அவனைக் கதவு நிலையோடு நிறுத்திக் கரியால் கோடு போட்டேன். கோட்டுக்கு மேலேயே கோடு விழுந்து கடைசியில் அது ஒரு கறுத்த பட்டையாகிவிட்டது. உயரத்துக்குப் போகவேண்டிய சத்தெல்லாம் நீளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. முதலில் நீளம் வரும், பிறகு உயரம் வரும் என்று நானே ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முல்லைத்தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் முஸ்லிம் நானா ஒருவர், வீமனுக்கென்று மீன் தலை எடுத்து வைப்பவர், ஒருநாள் பெட்டியைத் திறந்தபடியே அவனை ஏற இறங்கப் பார்த்தார். "சாதி நாய்தான் அக்கா, இல்லையெண்டு சொல்லேல்ல. என்ன சாதி எண்டுதான் விளங்கேல்ல."

மிருக வைத்தியரிடம் காட்டுவோம் என்று நான் எத்தனையோ தரம் சொன்னேன். "வேணாம் தம்பி, ஊசி போட்டா புள்ள பயந்துக்கும்" என்று பேச்சியம்மா தட்டிவிடுவார்.

ஐயோ, அந்த வீமனின் எடுப்பு! வீட்டுப் படி ஒன்றே ஒன்றுதான். முன்னங்கால் இரண்டையும் அதில் வைத்துவிட்டு, பின்பக்கம் தானாக வந்து சேரும் என்பதுபோல நின்று யோசிப்பான். சுளகு காய வைத்தால் அதற்குள்தான் நித்திரை. பேசினால் கோபித்துக்கொண்டு சுவரைப் பார்த்து இருப்பான். போய்க் கெஞ்சி, கருவாடு காட்டினால் ஒரு காது மட்டும் திரும்பும். ஒருநாள் மயில் ஒன்றைத் துரத்திக்கொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் மயில் அவனைத் துரத்திக்கொண்டு வந்தது. கட்டிலுக்குக் கீழே பாய்ந்து, நன்றாக உள்ளே போன பிறகு, அங்கிருந்து குரைத்தானே ஒரு குரைப்பு! மயில் மட்டுமல்ல, நானும் வளவைவிட்டு ஓடப் பார்த்தேன். அந்தக் குரல் அந்த உடம்பில் எங்கே இருந்ததென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடுவன் நாயொன்று பீப்பாய்க்குள் இருந்து குரைப்பதுபோல் கட்டைக் குரல்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மகனின் போன் கோல் வரும். பேச்சியம்மாவிடம் இருந்தது பொத்தான் தேய்ந்த ஒரு சின்னப் போன். காது சற்று மந்தம் என்பதால் சத்தமாக வைத்துத்தான் கதைப்பார்.

"அம்மா, நாய் வளருதோ?"

"நல்லா நீளமா வந்துருக்குப்பா."

"சாப்பிடுதோ?"

"அதயேன் கேக்குற! எனக்கு வச்சதையும் சேத்துத் திங்குது."

பிறகு போனை வீமனின் வாயருகே பிடித்துக் காதில் சின்னதாக ஊதுவார். அவன் குரைப்பான். அந்தப் பக்கத்தில் கணேசன் அண்ணன், "கடவுளே, கண்டுக்குட்டி அளவில வந்திட்டுது போல. கவனம் அம்மா, சங்கிலியில கட்டுங்கோ" என்பார். பேச்சியம்மா அவரிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, பாருங்கள். நீளம் என்றார், நீளம்தான். தின்கிறது என்றார், தின்றதுதான்.

கச்சான் பிடுங்கும் காலம் வந்தது. வீமன் வளரவில்லை. எனக்கோ கவலை பிடித்துக்கொண்டது. அறைக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம், அதுவல்ல. அந்த மனுசி காலையில் எழும்பியதும் வெறுங்காலோடு கச்சான் பாத்திக்குள் நடந்து, ஒரு செடியைத் தூக்கிப் பார்த்து, வேரில் ஒட்டிய மண்ணை மணந்துவிட்டுத்தான் தேத்தண்ணி வைப்பார். அவரைக் கொண்டுபோய் வவுனியாவில் ஒரு மேல்மாடி அறையில் வைத்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குத் துக்கமாக இருந்தது. ஆனால் அவர் ஒரு பெட்டியைக்கூடக் கட்டவில்லை.

சொன்னபடி ஒரு மத்தியானம் கணேசன் அண்ணன், நாயை நேரில் பார்த்துத் திருப்தியில்லாவிட்டால் சாமான் ஏற்றுவதற்கென்று, பட்டா எனப்படும் சின்ன லொறி ஒன்றோடு வந்து இறங்கினார். வளவு வாசலில் தகரப் படலை சாத்தியிருந்தது. நானும் பேச்சியம்மாவும் மா மரத்துக்குக் கீழே இருந்து கச்சான் ஆய்ந்துகொண்டிருந்தோம். அண்ணன் படலையில் கை வைத்ததுதான் தாமதம், படலைக்கு உட்பக்கத்தில் குழி தோண்டிக்கொண்டிருந்த வீமன் தொடங்கிவிட்டான். தகரம் அதிர்ந்தது. கை உடனே வெளியே போய்விட்டது.

"அம்மா! முதல்ல நாயைக் கட்டுங்கோ!"

"அது கட்டுனா நிக்காதுப்பா. நீ அங்கனயே நில்லு" என்றார் பேச்சியம்மா, கச்சானிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பட்டா சாரதி வாகனத்துக்குள் ஏறிக் கண்ணாடியை உயர்த்தும் சத்தம் கேட்டது. வீமனுக்கு அது போதவில்லை. குழியோடு குழியாகப் படலைக்குக் கீழே மூக்கை நுழைத்தான். நான் எழும்பி ஓடிப் படலைக்கு மேலால் எட்டிப் பார்த்தபோது, அண்ணன் பட்டாவின் பின்பெட்டியில் ஏறி நின்றார். செருப்பு ஒன்று கீழே கிடந்தது. படலைக்குக் கீழிருந்து மூக்கு வந்தது, காது வந்தது, பிறகு உடம்பு வந்தது, இன்னும் வந்தது, கடைசியில் வால் வந்தது. வெளியே வந்ததும் உடம்பை உதறிவிட்டு, கிடந்த செருப்பைக் கவ்விக்கொண்டு, பரிசு வாங்கிய பிள்ளைபோல் நின்றான்.

முதலில் சிரித்தவர் சாரதி. கண்ணாடிக்குள்ளிருந்தே சிரித்தார்.

"இதுவோ வீமன்?" என்றார் அண்ணன்.

"ஓம் அண்ணை" என்றேன். வேறு என்ன சொல்ல?

"இதுவோ இவ்வளவு நாளும் போனில குரைச்சது?"

பேச்சியம்மா மெதுவாக எழும்பி வந்து படலையைத் திறந்தார். மகனை அண்ணாந்து பார்த்தார். "ஏம்ப்பா, நான் பெத்த மகன் நீ. பட்டப்பகல்ல, தொணைக்கு ஆளோட வந்து, வண்டி மேல ஏறி நிக்கிற. ராத்திரியில ஒத்தையா வர்ற களவாணிப்பய என்ன செய்வான்னு நீயே சொல்லு."

அண்ணன் தான் நின்ற இடத்தையும் கீழே நின்ற வீமனையும் பார்த்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பெட்டியில் குந்திக்கொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். அன்றைக்குச் சோறும் கருவாட்டுக் குழம்பும் தின்றுவிட்டு, பட்டாவில் இரண்டு மூடை கச்சானையும் பூசணிக்காய்களையும் ஏற்றிக்கொண்டு திரும்பிப் போனார். அம்மாவைப் பற்றிய கதையை அதன்பிறகு எடுக்கவேயில்லை. செருப்பை மட்டும் கேட்டார், வீமன் கொடுக்கவில்லை.

எனக்கு வேலையில் இடமாற்றம் வந்து, கலியாணமும் ஒருவழியாக முடிந்த பிறகு, மனைவியைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் போயிருந்தேன். வீமனுக்கு மூக்கில் நரை. பேச்சியம்மாவின் மடியில் தலையை மட்டும் வைத்துக் கிடந்தான். மிச்சம் பாயில் கிடந்தது. அவனை நிறுத்தி நான் கரிக்கோடு போட்ட கதையை மனைவிக்குச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். பேச்சியம்மா அவன் காதைத் தடவியபடி சர்வசாதாரணமாகச் சொன்னார்:

"எங்க தோட்டத்துத் தொரை பங்களாவுல இதே சாதி ரெண்டு நின்னுச்சு. கொமரியா இருந்தப்ப நாந்தான் குளிப்பாட்டுவேன்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்ப இவன் வளரமாட்டான் எண்டு உங்களுக்குத் தெரியுமோ அம்மா?"

"பொட்டியத் தொறந்தப்பவே தெரியும்."

"பிறகேன் என்னட்டச் சொல்லேல்ல? நான் நாயைப் பிடிச்சு அளந்துகொண்டு திரிஞ்சனான்!"

"நீங்க நம்புனதப் பாத்துத்தானே தம்பி ஊரே நம்புச்சு. சொல்லியிருந்தா அன்னைக்கே வண்டி வந்துருக்கும். ஒரு போகம் வெளஞ்சு, அந்த மண்ணு கையில ஒட்டிட்டா, அப்பறம் யாரு நம்மள எழுப்புறது?"

மலையில் கலவரம் அவரை விரட்டியது. வன்னியில் போர் விரட்டியது. மூன்றாம் முறை பெற்ற பிள்ளையின் பாசம் பட்டாவோடு வந்து நின்றபோது, அதற்கு மட்டும் அவர் எழும்பவில்லை. அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

வீமன் ஒரு மாரியில் போனான். அடுத்த மாரிக்குள் பேச்சியம்மாவும் போய்விட்டார். காட்டுக்கரை இப்போது வெளித்துவிட்டது. தெரு விளக்குகள் எரிகின்றன, படலைகள் இரும்பாகிவிட்டன. இன்றைக்கென்றால் கணேசன் அண்ணன் முதல் ஞாயிறே, "அம்மா, வீடியோ கோல் எடுத்து நாயைக் காட்டுங்கோ" என்றிருப்பார். பேச்சியம்மா தன் காணியில், தன் கட்டிலில் கண்ணை மூடினார். அதற்கு ஒரு சாண் உயர நாயும், குரலை மட்டும் கொண்டுபோன ஒரு சின்னப் போனும் போதுமாயிருந்தன.