ஏற்கனவே இணைக்கப்பட்டுள்ளது

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். இது என் அக்காவுக்கு நடந்தது. நடுராத்திரியில் இல்லை. சாயங்காலம், பளிச்சென்ற ட்யூப்லைட் வெளிச்சத்தில்.

அன்று ஆபீஸ் விடுமுறை. சர்வர் அறையில் அக்கா மட்டும். மெய்நிகர் கம்ப்யூட்டர்களை எல்லாம் கட்டி மேய்க்கிற புது சர்வரை, நெட்வொர்க்கைக் கவனிக்கும் மென்பொருளோடு இணைக்க வேண்டும். பத்து நிமிட வேலை. ஆறு மணிக்குள் பாப்பாவைக் காப்பகத்திலிருந்து கூட்டி வர வேண்டும். ஏற்கனவே இரண்டு தடவை லேட். இன்னொரு தடவை என்றால் பாப்பாவுக்கு அங்கே இடம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

முகவரி, பாஸ்வேர்டு போட்டாள். திரையில் சர்வரின் கைரேகை வந்தது. சர்வருக்கும் நம்மைப் போல கைரேகை உண்டு. எழுத்தும் எண்ணுமாக நீளமாக இருக்கும். 'நம்பலாமா?' என்று கேட்டது. கையிலிருந்த குறிப்போடு ஒத்துப் பார்த்தாள். 7C என்று தொடங்கியது. சரிதான். நம்பு.

'இந்த சர்வர் ஏற்கனவே வேறொன்றுடன் இணைக்கப்பட்டுள்ளது.'

நேற்றுதான் பெட்டியையே பிரித்தார்கள்! சர்வருக்குள் போய்த் தேடினாள். எந்த இணைப்பும் இல்லை. ரீஸ்டார்ட். மறுபடியும் அதே பதில். எரிச்சலில் மேலதிகாரி சாருக்குப் போன் போட்டாள்.

"சார், இதுக்கு ஏற்கனவே கல்யாணம் ஆயிடுச்சாம் சார்."

"புது மாப்பிள்ளம்மா அது! பழைய சர்வரோட அட்ரஸத்தான் இதுக்குக் குடுத்திருக்கோம். அந்த அட்ரஸ்ல வேற ஏதாவது ஓடுதா பாரு."

"பழசத்தான் கழட்டியாச்சே."

"எதுக்கும் பாத்துரு."

பார்த்தாள். பழையது இருந்த இடம் காலி. உள்ளே கையை விட்டாள்.

சூடாக இருந்தது.

பக்கத்து மெஷினின் சூடாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அந்த முகவரியில் வேறு ஏதாவது பதில் சொல்கிறதா என்று புது சர்வரைத் துண்டித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதன் கேபிளை அப்படியே உருவினாள். அதற்குள் போன் அலறியது. ஒரு கையில் கேபிள். மறு கையால் பையைக் கிளறினாள்.

"மேடம், மணி அஞ்சே முக்கால். பாப்பா ஷூ போட்டுட்டு வாசல்ல நிக்கிறா."

"இதோ, கிளம்பிட்டேன்மா!"

பொய். கண்ணில் தண்ணீர் முட்டியது. கடைசியாக ஒரு தடவை... கைரேகை வந்தது. பார்க்கவே இல்லை. நம்பு, போ.

பச்சை.

முதுகுக்குப் பின்னால் ஒரு விசிறி சுழல ஆரம்பித்தது.

விர்ர்ர்...

அக்கா திரும்பவில்லை. திரையைப் போட்டோ எடுத்து சாருக்கு அனுப்பிவிட்டு ஓடினாள். ஆறு அடிக்கும்போது பாப்பா அவள் இடுப்பில் இருந்தாள்.

வீட்டில் பாப்பா சாக்லேட் தேடி அம்மாவின் பையைக் கவிழ்த்தாள்.

"அம்மா, நீல பாம்பு!"

கேபிள்.

புது சர்வருக்கு இருந்ததே அந்த ஒரே ஒரு கேபிள்தான்.

அப்படியானால்... இணைந்தது எது?

போட்டோவைத் திறந்தாள். பச்சை டிக். கீழே கைரேகை. 7C இல்லை.

சாரே கூப்பிட்டார்.

"அது பழைய சர்வரோட கைரேகைம்மா."

"அது இப்ப எங்க சார் இருக்கு?"

"எங்கயும் இல்ல. போன மாசம் நானே சுத்தியலால உடைச்சேன்."

ஆபீஸ் இன்று வரை அந்த இணைப்பில்தான் ஓடுகிறது. ஒரு குறையும் இல்லை. கேபிளைத் திரும்பச் செருக சார் விடவில்லை. அது எங்கள் வீட்டு மேசை டிராயரில் கிடக்கிறது.

போன வாரம் எடுத்துப் பார்த்தேன்.

சூடாக இருந்தது.