‘அன்புடன்’ மேல் இரண்டு பிறை

கொச்சி மட்டாஞ்சேரியில் மழை விடாத நாட்களில் எங்கள் கட்டிடத்தில் துணி காயாது. காகிதம் காயும்.

கீழ்வீட்டு ரம்யா, கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நைலான் கயிறு கட்டியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதில் கிளிப் மாட்டிய வாழ்த்து அட்டைகள் தொங்கும். மின்விசிறி மெல்லச் சுற்றும். அட்டைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஒரே பக்கமாக நிமிரும். மிளகுக்கொடி, சீன வலை, மூடிய குடை, படகில் தூங்கும் பூனை... எல்லாம் அவளே ரப்பரில் செதுக்கிய ஸ்டாம்ப்புகள். கொச்சங்காடி கிடங்குகளிலிருந்து வரும் சுக்கு வாசனை மையின் வாசனையோடு கலந்து படிக்கட்டு வரை நிற்கும். பால் வாங்க இறங்குகிறவள் பாலை மறந்து நிற்பதுண்டு.

ரம்யா தோப்பும்படியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். அப்பா முருகேசன் கார்ப்பரேஷன் சுகாதாரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ். பள்ளிக்கூடம், பேப்பர், சீரியல், சண்டை — எல்லாம் மலையாளம்.

அவள் ஸ்டாம்ப் செய்வதைப் பார்த்திருக்கிறேன். ட்ரேசிங் பேப்பரில் பென்சிலால் வரைவாள். அதை ரப்பர் கட்டியின் மேல் குப்புறக் கவிழ்த்து நகத்தால் தேய்ப்பாள். படம் இடவலம் மாறி ரப்பரில் போய் உட்காரும். பிறகு சின்ன உளியை எடுத்துச் செதுக்குவாள். எதை? வேண்டியதை அல்ல, வேண்டாததை. கோட்டை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருப்பதை எல்லாம் எடுத்துவிட வேண்டும். பத்திரிகை அலுவலகத்தில் நாங்களும் எடிட்டிங் என்று இதைத்தான் செய்தோம். இத்தனை அமைதியாகச் செய்ததில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, ஒண்ணு உள்ள வந்து நோக்குங்க. கொள்ளாமோ, நல்லா இருக்கான்னு சொல்லணும்.”

கயிற்றில் அன்று பூனையும் இல்லை, குடையும் இல்லை. பழுப்புக் காகிதத்தில் மடித்த பைகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு மல்லிகைக் கொத்து. அதன் கீழே கருநீல மையில் ஒரே ஒரு தமிழ்ச் சொல்: அன்புடன்.

அவள் செதுக்கிய முதல் தமிழ். யாருக்காக என்று எனக்குத் தெரியும்.

கார்த்திக் என்று ஒரு பையன். சிவகாசிக்காரன். தோப்பும்படியில் ஏசி மெக்கானிக். ஜவுளிக்கடை ஏசி ஒரே மாதத்தில் பல தடவை பழுதானதில் ஆரம்பித்த விவகாரம். ரம்யா வீட்டில் சம்மதம். அங்கே அம்மா மட்டும்தான். பேச்சியம்மாள். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை. வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார்.

“ஏத்தா, உனக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியுமா?”

“தெரியும் அத்தை” என்று ரம்யா சொல்லிவிட்டாள்.

தெரியாது. பஸ் போர்டைக் கூட்டிக் கூட்டிப் படிப்பாள், அவ்வளவுதான். கார்த்திக்கோடு நடந்த காதல் முழுக்க ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். எனவே அவளுக்குத் தமிழ் எழுத வராது என்பது அவனுக்கும் தெரியாது. அடுத்த ஞாயிறு பேச்சியம்மாள் பெண்ணைப் பார்க்க வருகிறார். பார்த்துவிட்டுத்தான் பதில். ஊருக்குத் திரும்பும்போது பலகாரம் போட்டுக் கொடுக்கத்தான் இந்தப் பைகள். தனக்குத் தமிழ் தெரியும் என்பதற்கு ரம்யா அச்சடித்து வைத்த சாட்சி.

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அ சரி. ன சரி. பு, ட, மறுபடி ன... எல்லாம் சரி. மல்லிகை, மை, இடைவெளி — எதிலும் குறை இல்லை. ஆனால் இரண்டு ‘ன’வின் தலையிலும் புள்ளி இல்லை. புள்ளி இருக்க வேண்டிய இடத்தில், வாயை மேலே வைத்துக்கொண்டு, நகத்துணுக்கு அளவில் ஒரு பிறை.

மலையாளத்தில் மெய்யெழுத்துக்கு அப்படித்தான். புள்ளிக்குப் பதில் பிறை. அதன் பெயரே சந்திரக்கலை. ரம்யா எழுத்துகளைப் போனில் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறாள். தலையில் இருக்கிற அந்தச் சின்னக் குறியைப் பார்க்கவே இல்லை. அதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கை, ‘தெரியும்’ என்று சொல்லிவிட்டது.

காற்றில் பைகள் ஆடின. இரண்டிரண்டாக நிலாக்கள், கருநீலத்தில், ஒரே பக்கமாகச் சாய்ந்து ஒரே பக்கமாக நிமிர்ந்தன. சொல்லலாமா? விட்டுவிடலாமா? என் விரல்கள் இல்லாத சிவப்புப் பேனாவைப் பிடித்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

“அன்... புடன்!” என்று முருகேசன் வாய்விட்டுப் படித்தார். “அடிபொளி! எடீ, இதுல ஒரு தப்பும் இல்லல்லோ. அப்படித்தானே?” என்று என்னைப் பார்த்தார்.

சொன்னேன்.

ரம்யா ஒரு பையை இறக்கிக் கையில் வைத்துக்கொண்டாள். போனில் அந்தச் சொல்லைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். திரும்பப் போனைப் பார்த்தாள்.

“புள்ளி...” என்றாள். “இத்தர நாள் பஸ்ஸுல பார்த்ததெல்லாம் புள்ளியா?”

“புள்ளிதான்.”

“அத்தை பிரஸ்ல வேலை செய்யறவங்களாக்கும், அக்கா. ஒத்த நோட்டத்துல கண்டுபிடிச்சிருவாங்க. பொய் சொன்னேன்னு மனசிலாயிடும்.”

“ஒரு புள்ளிக்குப் போயா? புள்ளி வச்சாப் போச்சு” என்றார் முருகேசன்.

அதுதான் முடியவில்லை. புதிய ரப்பரில் புள்ளியோடு செதுக்கினாள். புள்ளி என்பது ரப்பரில் ஒரு கடுகளவுத் தூண். சுற்றிலும் எதுவும் இல்லாமல் தனியாக நிற்க வேண்டும். முதல் தடவை மையில் ஒற்றியபோது நின்றது. அட்டையில் அழுத்தியபோது ஒடிந்தது. இன்னொன்று செதுக்கினாள். அதுவும் ஒடிந்தது. பிறை நீளமாக இருப்பதால் ரப்பரைப் பிடித்துக்கொள்கிறது. புள்ளிக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. கடைசியில் புள்ளியே இல்லாமல் செதுக்கி, ஒரே ஒரு அட்டையில் ஒற்றி, பேனாவால் இரண்டு புள்ளி வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு.

காகிதம் தீர்ந்திருந்தது. பிறை வைத்த பைகள் அலமாரியின் அடியில் போயின.

ஞாயிறு வந்தது. பேச்சியம்மாளும் வந்தார். ஒல்லியாக, உயரமாக, மழையில் நனைந்த செருப்பை வாசலில் சேர்த்து நேராக வைத்துவிட்டு உள்ளே வந்தார். கையில் ஒரு நீளமான பொட்டலம். கூட வந்த கார்த்திக் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். மலையாளம் கலக்காத தமிழ் பேச ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்திருந்தார்கள்.

ரம்யா அட்டையை நீட்டினாள். “நானே செய்தது, அத்தை.”

பேச்சியம்மாள் வாங்கி முதலில் மடிப்பில் கட்டைவிரலை ஓட்டினார். ஓரங்களைச் சேர்த்துப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

“மடிப்பு ஒழுங்கா இருக்கு. எத வச்சுத் தேச்ச?”

“ஸ்பூன் காம்பு, அத்தை.”

“ம்.”

பிறகு அந்தச் சொல்லைப் பார்த்தார். ரம்யா அவர் முகத்தைப் பார்த்தாள். நான் அவர் கண்களைப் பார்த்தேன். பழக்கம். படிக்கிறவர்களின் கண் நகரும். அவருடைய கண் நகரவில்லை. ஒரு பூவைப் பார்ப்பதுபோல் அந்தச் சொல்லின் மேல் நின்றது. அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, “காப்பி கெடைக்குமா?” என்றார்.

அந்த நேரத்தில்தான் முருகேசன் சமையலறையிலிருந்து வந்தார். சூடான பழம்பொரி, நேந்திரம்பழ பஜ்ஜி. அதைப் பெருமையாக ஒரு பையில் போட்டு எடுத்து வந்தார். கருநீலத்தில், இரண்டு பிறையோடு.

“அப்பா!” என்றாள் ரம்யா.

“எந்தா?”

பேச்சியம்மாள் பையை வாங்கிக்கொண்டார். மடியிலிருந்த அட்டையை அதன் பக்கத்தில் வைத்தார். இதைப் பார்த்தார். அதைப் பார்த்தார்.

“ஒரே எழுத்துதான? இதுல ரெண்டு நிலா வச்சிருக்கு. அதுல வெறும் புள்ளி. ஏன்?”

ரம்யா எழுந்து நின்றுவிட்டாள்.

“நிலா தப்பு, அத்தை. புள்ளிதான் சரி. எனக்குத் தமிழ் எழுத வராது. மலையாளம் மாதிரி வச்சுட்டேன். போன்ல தெரியும்னு சொன்னது... பொய்.”

கார்த்திக் அவளைப் பார்த்தான். முருகேசன் பழம்பொரிப் பையைப் பார்த்தார்.

“படிக்க?” என்றார் பேச்சியம்மாள். குரலில் கோபம் இல்லை. வேறு ஏதோ இருந்தது. ஒரு கவலை.

“மெல்ல மெல்ல... கூட்டித்தான் வரும்.”

“கூட்டியாவது வருமில்ல? எனக்கு அதுவும் வராது தாயி.”

“அம்மா, அத எதுக்கு இப்ப...” என்றான் கார்த்திக்.

“ஏன்லே, களவாண்டேனா? படிக்கல. அவ்ளோதான?” அவர் ரம்யா பக்கம் திரும்பினார். “ஊர்ப்பட்ட பத்திரிகைய மடிச்சிருக்கேன். ஒண்ணுல என்ன எழுதியிருக்குன்னு தெரியாது. படத்தப் பார்த்து, எழுத்தோட ஜாடையப் பார்த்து அடுக்குவேன். பேங்க்ல, ஆஸ்பத்திரில என்னமாச்சும் சீட்டு குடுத்தா போட்டோ புடிச்சு இவனுக்கு அனுப்புவேன். ‘வேலையா இருக்கேம்மா, வேலையா இருக்கேம்மா’ன்னு எரிஞ்சு விழுவான். மருமக வந்தா படிச்சுச் சொல்லுவாளேன்னுதான் அன்னைக்குக் கேட்டேன்.”

கேள்வி கேட்கிறவர்கள் எல்லோரும் பரீட்சை வைக்கிறார்கள் என்று நாம் ஏன் நினைத்துக்கொள்கிறோம்? சிலர் உதவி கேட்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே வாக்கியம் போதுமானதாக இருப்பதுதான் சிக்கல்.

ரம்யாவின் பொய் இப்போது முன்பைவிடப் பெரிதாகிவிட்டது. அது அவளுக்கும் புரிந்தது. “நான் நேரம் எடுப்பேன், அத்தை” என்றாள் மெதுவாக.

“எடுத்துக்கோ. பஸ்ஸா கெளம்பப் போவுது?”

பேச்சியம்மாள் கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்தார். தினசரி காலண்டர். சிவகாசியிலிருந்து வருகிறவர் வேறு எதைக் கொண்டு வருவார்? ரம்யா கையில் கொடுத்தார்.

“இன்னைக்குத் தேதியக் கிழி. அடியில ராசிக்கு ஒரு வார்த்தை போட்டிருக்கும். நான் கும்ப ராசி. படி.”

ரம்யா விரலை வைத்தாள். எல்லோரும் சாய்ந்து பார்த்தோம்.

“பொ...” என்றாள். “பொ... று...”

முருகேசனின் உதடுகளும் கூடவே அசைந்தன.

“பொறு... மை. பொறுமை!”

“எனக்கா?” என்றார் பேச்சியம்மாள். “சரியாப் போச்சு போ!”

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு யார் சிரித்தார்கள், யார் கண்ணைத் துடைத்தார்கள் என்று குறித்து வைக்க நான் மறந்துவிட்டேன்.

கிளம்பும்போது முருகேசனிடம், “தையில தட்டு மாத்திக்கிடலாம்” என்றார். அட்டையை ரம்யாவிடமே திருப்பிக் கொடுத்தார். “இத நீ வச்சுக்கோ. எனக்கு நிலா வச்சதக் குடு.”

“அது தப்பு, அத்தை.”

“யாருக்கு?”

அன்றிலிருந்து தினமும் காலையில் சிவகாசியில் கிழிபடும் தாள் போட்டோவாக மட்டாஞ்சேரிக்கு வருகிறது. ரம்யா வேலைக்குக் கிளம்பும் முன் அதைப் படித்துக் குரல் பதிவாக அனுப்புகிறாள். நான் மாடியில் சாயாவை ஆற்றிக்கொண்டிருப்பேன். கீழேயிருந்து, சுக்கு வாசனையோடு, ஒவ்வொரு எழுத்தாகத் தமிழ் படியேறி வரும். “கும்பம்... வ... ர... வு. வரவு, அத்தை!” இப்போதெல்லாம் வேகம் கூடிவிட்டது. எனக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

போன வாரம் சிவகாசியிலிருந்து எனக்கே ஒரு போன். அச்சகத்துக்காரர்.

“மேடம், நீங்க பேப்பர்ல இருந்தவங்களாமே? ஒரு கல்யாணப் பத்திரிகை. ‘அன்புடன் அழைக்கும்’னு வர்ற எடத்துல ‘அன்புடன்’ மட்டும் ஏதோ ரப்பர் ஸ்டாம்பப் படம் புடிச்சு வச்சிருக்கு. புள்ளிக்குப் பதிலா ரெண்டு பிறை. நான் மாத்துனா, பேச்சியம்மா வந்து மறுபடி பழையபடி வைக்கச் சொல்லுது. பிழையோட அடிச்சா எங்க பேருல்ல கெடும்? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.”

புரூஃபை அனுப்பச் சொன்னேன். நிதானமாக, வரி வரியாகப் படித்தேன். மண்டபத்தின் பெயரில் ஒரு துணைக்கால் விடுபட்டிருந்தது. குறித்தேன். மணமகனின் ஊருக்கு முன்னால் ஒரு காற்புள்ளி அதிகம். எடுத்தேன். கடைசி வரிக்கு வந்தேன். கருநீலத்தில் அந்தச் சொல்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அடியில் எழுதி அனுப்பினேன்:

‘மற்றபடி பிழை ஏதுமில்லை.’