மெட்டில் வந்த ராஜினாமா

அப்பாவுக்கு மூளையின் இடது பக்கத்தில், பேச்சைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் ரத்த ஓட்டம் தடைபட்டது. தாம்பரத்தில் டாக்டர் அப்படித்தான் சொன்னார். கை கால் தப்பித்தன. நாங்கள் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. பேசத்தான் வரவில்லை, எழுதவும் வரவில்லை. ஒரே ஒரு வார்த்தை மட்டும் தெளிவாக வந்தது. சாவுகிராக்கி.

குறுக்கே ஓடுகிறவர்களைப் பார்த்து ஆட்டோக்காரர்கள் கத்துகிற வார்த்தை. தெருநாயைக்கூட ‘கொஞ்சம் தள்ளிப் போப்பா’ என்று கேட்டுக்கொள்கிற மனிதர், இதை இத்தனை வருஷம் எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ! காபி வேண்டுமென்றாலும் அதுதான், காபி நன்றாக இருந்தாலும் அதுதான். அம்மாவுக்கு மானமே போயிற்று. ‘அவர் மௌன விரதம் இருக்கார்’ என்று அஸ்தினாபுரத்தில் எங்கள் காலனி முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள். காலனியும் நம்பியது. பக்கத்துத் தெருப் பெண்கள் இருவர் வந்து அப்பாவின் காலில் விழுந்துவிட்டுப் போனார்கள்.

அப்பா காலனி நலச் சங்கத்தின் தலைவர். நிரந்தரத் தலைவர் என்றே சொல்லலாம். வேறு யாரும் அந்தத் தலைவலியை ஏற்க முன்வந்ததில்லை. இனி முடியாது, விலகிவிடுகிறேன் என்று எங்களுக்குச் சைகையில் புரியவைத்தார். "சரிப்பா, நான் போய்ச் சொல்லிடறேன்" என்றேன். இல்லை என்று தன் வாயைத் தொட்டுக் காட்டினார். வாயால் ஏற்ற பொறுப்பை வாயால்தான் இறக்கி வைப்பாராம். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

பொதுக்குழு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளையார் கோயில் பக்கத்து ஷெட்டில். வழக்கம்போல் எல்லோரும் எழுந்து நிற்க, பிரார்த்தனைப் பாட்டு ஆரம்பித்தது. எனக்குப் பின்னால் கணீரென்று ஒரு குரல். திரும்பினால் அப்பா! ஒரு சொல் பிசகாமல் பாடிக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. அம்மா சட்டென்று சுதாரித்து, பக்கத்திலிருந்தவர்களிடம் "பாட்டுக்கு விரதத்துல விலக்கு உண்டு" என்றாள்.

சிறப்பு விருந்தினர் கவுன்சிலர். சாக்கடைக் குழாய்க்காகத் தோண்டிய தெருக்கள் மூடப்படாமல் ஒரு மழைக்காலமே போயிருந்தது. "இன்னா சார், ரோடுதானே? அடுத்த மாசம் பளபளன்னு போட்டுக் குடுத்துர்றோம்" என்றார். போன கூட்டத்திலும் இதையேதான் சொன்னார். யாரும் கைதட்டவில்லை. அடுத்து அப்பா எழுந்தார். பாட்டு வந்த தைரியம். கவுன்சிலரைப் பார்த்துக் கைகூப்பி, விடைபெறுவதற்காக வாயைத் திறந்தார்.

"சாவுகிராக்கி!"

கடைசி வரிசையிலிருந்து ஒரு விசில். அப்புறம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டல். "விரதத்தையே கலைச்சுட்டு நறுக்குன்னு கேட்டுட்டார்யா மனுஷன்!" என்று யாரோ கத்தினார். கவுன்சிலர், அடிக்காத செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். அப்பா போட்டியின்றி மறுபடியும் தலைவரானார். வேண்டாம் வேண்டாம் என்று அவர் தலையாட்டியதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் நடந்ததைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சொன்னாள்: "திட்டும் பாட்டும் மூளையில அடிபட்ட அந்த ஒரு இடத்தை மட்டும் நம்பி இல்ல சார். ஜிஎஸ்டி ரோடு ஜாம் ஆனா நாம உள்தெருவுல பூந்து போறதில்லையா? பாட்டு வழியா வார்த்தையைக் கொண்டு வாங்க. பழகப் பழக மூளையே புதுசா வழி போட்டுக்கும்."

அம்மா அன்றே தொடங்கினாள். அப்பாவின் இடது கையைப் பிடித்து மேஜையில் தட்டிக்கொண்டே, தனக்குத் தெரிந்த ஒரே மெட்டில், அந்தச் சங்கப் பிரார்த்தனைப் பாட்டின் மெட்டில், "காபி வேணும்" என்று பாடுவாள். அவரும் கூடவே பாடுவார். வெந்நீர், செருப்பு, கரண்ட் போனது எல்லாமே எங்கள் வீட்டில் பக்திமயமாயின. சில நாள் ஒன்றும் வராது. கையை உதறிவிட்டு எழுந்து போவார். அம்மா விடவில்லை. மாதங்கள் போகப் போகச் சின்ன வார்த்தைகள் மெட்டு இல்லாமலே வந்தன. நீளமாகச் சொல்லத்தான் மெட்டு வேண்டியிருந்தது.

அடுத்த பொதுக்குழுவில் அப்பா எழுந்து, தொடையில் தட்டிக்கொண்டே பாடினார்: "என்னால இனி முடியாது... வேற ஆளைப் பாருங்க... எல்லாருக்கும் நன்றி..."

பிரார்த்தனை மெட்டு காதில் விழுந்ததும், பழக்க தோஷம், மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. பாதியில்தான் அவர்களுக்கு வார்த்தைகள் உறைத்தன. உறைத்த பிறகும் ஒருவரும் உட்காரவில்லை.