டிபன் முசே கேட்ட கேள்வி

சவரிநாதன் ஐயா காலமான செய்தி வந்தபோது நான் முத்தியால்பேட்டை கடைத்தெருவில், சைக்கிளுக்கு அடியில் கிடந்தேன். லுங்கி செயினில் சிக்கிவிட்டது. ரேஸ் ஓட்டிய பிள்ளையைப் பெற்றவன் காய்கறி வாங்கப் போன இடத்தில் விழுந்தால் ஊர் சும்மா இருக்குமா? சிரித்துக்கொண்டே தூக்கிவிட்ட பூக்கடைக்காரர்தான், "டிபன் முசே விடியக்காலையில போயிட்டாராம்பா" என்றார். கிழிந்த லுங்கியோடு வீட்டுக்கு நடந்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முசே என்றால் நம் ஊரில் மிச்சமிருக்கும் பிரெஞ்சில் 'ஐயா'. எழுபதுகளில் நம் ஊர் சைக்கிள் ரேஸில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருமுறை உப்பளம் திருப்பத்தில் மணல் சறுக்கி, தலை ரோட்டில் மோத விழுந்தார். எழுந்து மிதித்து முதலாவதாகவும் வந்தார். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். சாயங்காலம் வீட்டில் மயங்கியவர் ஆஸ்பத்திரியில் கண் விழிக்க நாளாயிற்று. அதோடு ரேஸை விட்டார். வெடிச்சத்தம் கேட்டால் தலையைப் பிடித்துக்கொள்வார். "கோப்பை வூட்ல இருக்குதுப்பா. ஜெயிச்சதுதான் ஞாபகமில்ல" என்பார்.

பிறகு ஒவ்வொரு ரேஸுக்கும் அதே திருப்பத்தில் வந்து நின்றார். எவன் விழுந்தாலும் ஒரே கேள்வி: "காலையில இன்னா சாப்ட்ட?" பதில் தப்பினால் அடி தலைக்குள் போயிருக்கிறது என்று கணக்கு; சைக்கிளைத் தர மாட்டார். சரிபார்க்க ஓட்டுகிறவனின் வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். "என் தலைய நம்பாதீங்கப்பா, அது அடிபட்ட தலை." இப்படித்தான் டிபன் முசே ஆனார். வரிவரியாய்த் தோல்பட்டை வைத்த தலைக்கவசம் கொண்டுவந்து நீட்டினால் பையன்கள், "தலையில வாழைப்பழச் சீப்பா முசே?" என்று ஓடுவார்கள். என் மகன் செல்வமும்தான்.

எண்பதுகளில் ஒரு ரேஸ். ஜெயித்தால் வெளியூர்ப் போட்டிக்கு அனுப்புவார்கள். செல்வம் முன்னால் வந்தான். திருப்பத்தில் இன்னொருவன் சக்கரம் உரச, தூக்கி எறியப்பட்டான். உடனே எழுந்தும்விட்டான்.

"ஒண்ணுமில்ல, வுடுங்க முசே!"

"காலையில இன்னா சாப்ட்ட?"

"இட்லி."

ஐயா என்னைப் பார்த்தார். செல்வமும் பார்த்தான். ஆமாம் என்று தலையாட்டினால் போதும், பறந்திருப்பான். வேறு எதில் கோட்டை விட்டாலும் சாப்பாட்டு விஷயத்தில் என் ஞாபகம் பிசகியதில்லை. அவனுக்கு எதிரில் உட்கார்ந்து அவனைவிட அதிகம் தின்றவன் நான்.

"பழைய சோறு, முசே."

"யப்பா!" என்று கத்தினான் செல்வம். ஐயா குனிந்து டயர் காற்றைப் பிடுங்கிவிட்டார். "அப்பன் மேல கோவப்படாத. என்னைத் திட்டு" என்றார். திட்டத் தொடங்கியவன் வாந்தி எடுத்து என் தோளில் துவண்டான். தலைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. இன்னும் மிதித்திருந்தால் தாங்கியிருக்காது என்றார் டாக்டர்.

தேறி வந்தும் கொஞ்ச நாள், நான் சாப்பிட உட்கார்ந்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவான். ஆனால் அந்த வாழைப்பழச் சீப்பை மாட்டாமல் பிறகு ரேஸில் ஏறியதே இல்லை.

நேற்று பெட்டியின் தலைமாட்டில், ஐயாவுக்கு ஞாபகமில்லாத அந்தக் கோப்பைக்கும் மாலை போட்டிருந்தார்கள். தூக்க முதல் ஆளாய்த் தோள் கொடுத்தவன் செல்வம். மூடுவதற்கு முன் நானும் குனிந்து முகம் பார்த்தேன். எந்தச் சாவு வீட்டுக்கும் வயிற்றை நிரப்பாமல் கிளம்பாதவன் நான். வாய்வரை வந்ததைச் சொல்லாமலே நிமிர்ந்துவிட்டேன்:

இன்னிக்கி ஒண்ணும் சாப்பிடல, முசே.