ஈறு நிறக் குமிழ்

பல் செட் செய்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்றே பெயர். முப்பது வருஷமாக மெழுகோடும் சாந்தோடும் மல்லுக்கட்டி வருகிறாள். அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் அவள் தயவில்தான் கடித்துச் சாப்பிட்டார்கள். மீதிப் பேர் அவளைக் கண்டதும் வாயை இறுக மூடிக்கொண்டார்கள்.

அந்த வேலையில் அவளுக்கு ஒரே ஒரு மனக்குறை. என்னதான் பார்த்துப் பார்த்துச் செய்தாலும் அது அடுத்தவர் வாய்க்குள் போய்விடும். 'இது நான் செஞ்சது' என்று யார் வாயையும் பிளந்து காட்ட முடியாதல்லவா? அதனால்தானோ என்னவோ, பல் டாக்டர் ஒருவர் கிளினிக்கை மூடும்போது, பின்பக்கம் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த குட்டிக் காரைக் காட்டி "வேணுமா?" என்றதும், வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் தலையை ஆட்டிவிட்டாள். இங்கிலாந்தில் செய்த கார், அவளைவிட எட்டு வயது மூத்தது. நாலு பேர் ஏறினால் முறை போட்டுத்தான் மூச்சுவிட வேண்டும்.

பதினோரு வருஷம் அதன் காலடியிலேயே கிடந்தாள். துருவைச் சுரண்டித் தகடு வைத்தாள். கடையில் கிடைக்காத சாமானையெல்லாம் பல் செய்யும் பொருளிலேயே வார்த்தாள். வண்டி திரும்பும்போது கதவோரத்திலிருந்து டக்கென்று வெளியே நீளும் கைகாட்டிக்கு ஆரஞ்சு மூடி, ஜன்னலுக்குக் கைப்பிடி, கியர் கம்பியின் தலைக்கு ஒரு குமிழ். குமிழ் செய்த அன்று வேறு சாயம் கையிலில்லாததால் அது ஈறு நிறத்தில் அமைந்துவிட்டது. நாத்தனாருக்குக் கட்டிய பல் செட்டும் அதே டப்பாதான். "அண்ணி, உங்க கியரைத் தொட்டா எனக்கு வாய் கூசுது" என்பாள் நாத்தனார்.

வினை வந்ததும் அந்த நாத்தனாரால்தான். மேட்டுத் தெரு உச்சியிலிருந்த பெரிய வீட்டை விட்டுச் சின்ன வீட்டுக்குக் குடிபோகிறாள். அவளுடைய ஏழு அலமாரிகளுக்கு இடம் வேண்டும். "நம்ம ஷெட்டு சும்மாதானே கிடக்கு" என்று தங்கைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றார் பல்லக்காவின் வீட்டுக்காரர்.

அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். விடை சரியாக இருந்தாலும் நடுவில் ஒரு ஸ்டெப் விட்டுப்போனால் அரை மார்க்கைக் கிள்ளி எடுத்துவிடுவார். கெஞ்சினால், "எழுதாததுக்கு மார்க் கிடையாது" என்பார். மளிகைச் சீட்டில் உப்பு விட்டுப்போனதற்காக, கடை வரை போய் உப்பில்லாமல் திரும்பி வந்த மனிதர்.

"சும்மா கிடக்கா? அப்ப உள்ள நிக்கறது என்னவாம்?" என்றாள் பல்லக்கா.

"ஓடினாத்தானே கார்?"

"கடைத்தெரு வரைக்கும் ஓட்டிட்டுப் போறேனே!"

"சமதரையில எதுவும் ஓடும். என் தங்கச்சி வீட்டு மேட்டுல ஏறட்டும், அலமாரிக்கு வேற இடம் பார்க்கச் சொல்லிடறேன். ஏறலைன்னா காரை வித்துடணும்."

நிபந்தனை என்று வந்துவிட்டால் வாத்தியாருக்குக் கை சும்மா இருக்காது. கோடு போட்ட தாளில் சிவப்புப் பேனாவால் எழுதினார். ஞாயிறு காலை பத்து மணிக்குள் ஏற வேண்டும். காரில் இருவரும் இருக்க வேண்டும். யாரும் தள்ளவோ இழுக்கவோ கூடாது. மேட்டின் அடியில் கிளம்பினால் தங்கை வீட்டு வாசல் வரை நிற்கக் கூடாது. கீழே இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அன்று மாலையே அவள் தனியாகப் போய்ப் பார்த்தாள். சலவைக் கடை வளைவில் முதல் கியர் திணறி, இன்ஜின் நின்றே போயிற்று. இரண்டாம் முறையும் அதே இடம், அதே திணறல். மூன்றாம் முறை இஸ்திரிக்காரர் வெளியே வந்து, "ஒரு ஆள் இறங்கிட்டா ஏறிடும்க்கா" என்றார்.

"இருக்கறதே நான் ஒருத்திதான்."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பதினோரு வருஷத்தை ஏழு அலமாரிக்குத் தூக்கிக் கொடுப்பதா? வீட்டுக்குப் போகலாமென்று வண்டியை முன்னும் பின்னுமாக நகர்த்தித் திருப்பும்போதுதான் அது நடந்தது. என்ன நடந்ததென்று அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஞாயிறு வரை நானும் விடுவதாக இல்லை.

விசிலடித்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள். மறுநாளிலிருந்து காரின் பின்பக்கக் கண்ணாடியைத் தேய் தேயென்று தேய்த்தாள். கழுத்தில் தைலம் தடவி இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டேயிருந்தாள்.

"கழுத்து பிடிச்சுக்கிச்சா?" என்றார் வாத்தியார்.

"லேசா."

ஞாயிறு காலை மேட்டின் அடிக்கு வந்ததும் காரை இறக்கம் பார்க்கத் திருப்பி நிறுத்தினாள். "என்ன, இப்பவே வீட்டுக்கா?" என்று சிரித்தார் வாத்தியார். அன்று திருப்பும்போது வண்டி பின்னாலேயே மேட்டில் ஏறியதில் அவள் கண்டுகொண்டது இதுதான்: அந்தக் குட்டிக் காருக்கு இருப்பதிலேயே பலசாலி ரிவர்ஸ் கியர்தான். மெதுவாகப் போகும், ஆனால் முதல் கியரைவிட முரட்டுத்தனமாக இழுக்கும். பல்லக்கா கழுத்தைத் திருப்பினாள், ஈறு நிறக் குமிழைத் தள்ளினாள். கார் பின்பக்கம் முன்னே போக மேட்டில் ஏறத் தொடங்கியது.

இஸ்திரிக்காரர் வணக்கம் வைத்தார். நிற்க வழியில்லாததால் வாத்தியாரும் வணக்கம் வைத்தபடியே, கீழே பார்த்துக்கொண்டு மேலே போனார். கடைசி வளைவில் இன்ஜின் கதறியது. பல்லக்கா, "ஏறுடா கண்ணு, ஏறிடுடா" என்று முனகினாள். ஏறியது. நாத்தனார் வீட்டு வாசலில் போய் நின்றபோது மணி பத்தடிக்க ஏழு நிமிஷம் இருந்தது.

நாத்தனார் இரண்டு வரிசைப் பல்லும் தெரியச் சிரித்தாள். "அண்ணா, முதுகைக் காட்டிட்டு வந்தா செல்லுமா?"

"செல்லாது!"

"தாளை எடுங்க" என்றாள் பல்லக்கா.

வாத்தியார் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று தாளைத் திருப்பியும் பார்த்தார். கார் எந்தப் பக்கம் முகம் வைத்து ஏற வேண்டுமென்று எங்கேயும் இல்லை.

"எழுதாததுக்கு மார்க் கிடையாதுங்க" என்றாள் பல்லக்கா.

சிவப்புப் பேனா வெளியே வந்தது. நாலு நிபந்தனைக்கும் டிக் போட்டு, அடியில் நாலுக்கு நாலு என்று எழுதி வட்டமிட்டார். "அலமாரிக்கு வேற இடம் பாரும்மா" என்றார் தங்கையிடம்.

அதற்குள் இஸ்திரிக்காரர் மேடேறி ஓடி வந்துவிட்டார். "என்னா இழுவை! யாரு ரிப்பேர் பண்ணது இதை?"

பல்லக்கா வாய் திறப்பதற்குள் வாத்தியார் முந்திக்கொண்டார்.

"இவதான். ஒரு ஸ்டெப் விடாம இவளே போட்டது."